நின்னா நடுங்குற பழைய காடி: சாமான் மாத்துறதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும்

பழைய காடி, அதாவது கார் வச்சிருக்கறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். ஓடுறப்ப ஒன்னும் தெரியாது, ஈப்போ வரைக்கும் ஜம்முனு போய்ட்டு வந்துடும், ஆனா டிராஃபிக் லைட்ல நின்னா போதும், ஸ்டீரிங் கையில நடுங்கும், டேஷ்போர்டு கடகடன்னு அடிக்கும், ஏர்கோன் போட்டா இன்னும் மோசம், சில நேரம் அப்படியே ஆஃப் ஆயிடும். மலேசியால எங்க சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற டவுன்ல 1985-ல வந்த முதல் புரோட்டோன் சாகா வகையறா, 1993 வீரா, 1994-ல வந்த பெரோடுவா கஞ்சில் எல்லாம் இன்னும் வேலைக்குப் போய் வந்துட்டுதான் இருக்கு. அதுல வேலைக்குப் போறவங்க பெரும்பாலும் மாசச் சம்பளத்த எண்ணி எண்ணி செலவு பண்றவங்க. நடுங்குதுன்னு சொன்ன உடனே பிளக் மாத்து, கேபிள் மாத்து, கார்ப்ரேட்டர் மாத்துன்னு ஒவ்வொன்னா மாத்தி நூத்துக்கணக்குல வெள்ளி போயிடுது, கடைசில பாத்தா பத்து வெள்ளி கூட பெறாத ஒரு ரப்பர் ஹோஸ் கிழிஞ்சிருக்கும். அதப் பாக்குறப்ப மனசு தாங்கல, அதான் இத எழுதுறேன்.

முதல்ல, ஏன் நின்னா மட்டும் நடுங்குதுன்னு புரிஞ்சிக்கணும், அது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும்.

நம்ம காடி எல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின். ஒவ்வொரு சிலிண்டரும் இஞ்சின் ரெண்டு சுத்து சுத்துறதுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். ஆக்ஸிலேட்டர் மிதிக்காம 800 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 800 சுத்துல, ஸ்லோவ் ஓடுதுன்னா ஒரு சிலிண்டர் நிமிஷத்துக்கு 400 தடவை, அதாவது வினாடிக்கு ஆறு ஏழு தடவைதான் தள்ளுது. நாலு பேர் சேந்து பந்தல் கால தூக்கிட்டுப் போறப்ப ஒருத்தர் நடுவுல நடுவுல கை விட்டா எப்படி சாஞ்சு சாஞ்சு போகுமோ, அப்படி ஒரு சிலிண்டர் சரியா வெடிக்கலன்னா வினாடிக்கு ஆறு ஏழு தடவை இஞ்சின் தொங்கி எழும்பும், அந்த ஆட்டம்தான் ஸ்டீரிங்ல வர்றது. அதே காடி 3000 ஆர்பிஎம்ல போறப்ப ஃபிளைவீல்ங்கிற கனமான சக்கரம் வேகமா சுத்திட்டு இருக்கும், அந்த வேகமே விட்டுப்போன ஒரு வெடிய இழுத்துட்டுப் போயிடும், நமக்கு லேசா இழுவை கம்மியா இருக்கற மாதிரி மட்டும் தெரியும். மூனு சிலிண்டர் கஞ்சில்ல இது இன்னும் கொடுமை, ஏன்னா அங்க ஒன்னு படுத்தா மூனுல ஒரு பங்கு போச்சு. நல்லா இருக்கற மூனு சிலிண்டர் இஞ்சினே நாலு சிலிண்டர் மாதிரி அவ்வளவு சாஃப்டா நிக்காது, அதனால கஞ்சில் புதுசா வாங்கினவங்க லேசான அதிர்வப் பாத்துட்டு பயப்பட வேண்டாம்.

இன்னொரு காரணம் காத்து. ஸ்லோவ்ல இருக்கறப்ப, இஞ்சினுக்குள்ள காத்த விடுற கதவான த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியே இருக்கும், ஓரத்துல இருக்கற சின்ன இடைவெளில வர்ற காத்துதான் இஞ்சினுக்கு மூச்சு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைல 14.7 பங்கு காத்துங்கிறது முழுசா எரியறதுக்கான கணக்கு. இந்த சின்ன மூச்சுல, வேற எங்கயாவது ஒரு சின்ன ஓட்டை வழியா கணக்குல இல்லாத காத்து உள்ள போச்சுன்னா கணக்கே கலைஞ்சிடும். மேட்டுல ஏறுறப்ப த்ராட்டில் முழுசா திறந்து காத்து கொட்டுது, அப்ப அதே ஓட்டை ஒன்னுமே இல்ல. ஓடுறப்ப நல்லா இருக்கு நின்னா கெட்டுப் போகுதுங்கிறதுக்கு அர்த்தம் இதுதான்.

சரி, போனட்ட திறக்குறதுக்கு முன்னாடி சும்மா உக்காந்து கேளுங்க. ஹேண்ட்பிரேக் இழுத்து நியூட்ரல்ல வச்சு, இஞ்சின் சூடாகற வரைக்கும் ஓட விடுங்க, மூடின கராஜ்ல மட்டும் வேண்டாம், புகைல இருக்கற கார்பன் மோனாக்சைட் வாசனையே இல்லாம ஆளக் கொல்லும். காலைல குளிர்ந்து இருக்கறப்ப நடுங்கி சூடானதும் சரியாகுதா, இல்ல காலைல நல்லா இருந்து சூடானதும் நடுங்குதா? நடுக்கம் ஒரே தாளமா வருதா, இல்ல எப்ப வரும்னே தெரியாம திடீர் திடீர்னு வருதா? ஏர்கோன் போட்டா மட்டுமா? ஆட்டோ கியர்னா டி-ல போட்டு பிரேக் மிதிச்சப்ப மட்டுமா? பின்னாடி போய் புகைக்குழாய் கிட்ட ஒரு காகிதத்த லேசா புடிங்க, நல்ல இஞ்சின்னா ஒரே சீரா தள்ளும், தாளமா ஒரு இடத்துல விட்டு விட்டு தள்ளுச்சுன்னா ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் படுத்திருக்கு. இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரிஞ்சு போய் ஃபோர்மேன், அதாவது மெக்கானிக் கிட்ட சொன்னா அவருக்கும் பாதி வேலை முடிஞ்ச மாதிரி, உங்களுக்கும் தேவையில்லாத சாமான் மாத்த வேண்டி வராது.

ஆர்பிஎம் முள்ளு ஆடாம நிக்குது, புகைக்குழாய் சத்தமும் சீரா இருக்கு, ஆனா காடி மட்டும் ஆடுதா? அப்ப இஞ்சின்ல கோளாறு இல்ல, இஞ்சின் மவுண்டிங்தான். இஞ்சினத் தாங்குற ரப்பர் வருஷக்கணக்குல சூட்டுல காஞ்சு கிழிஞ்சிடும், கிழிஞ்சா இஞ்சினோட சாதாரண அதிர்வு கூட நேரா பாடிக்கு வந்துடும். டி-ல போட்டா ஆட்டம் ஜாஸ்தி, என்-ல கம்மின்னா முதல் சந்தேகம் இதுமேலதான். செம்பனைத் தோட்டத்து உள்பாதைல லோரி போட்ட பள்ளத்துலயே தினமும் ஓடுற காடிக்கு இது சீக்கிரமே போகும். ரப்பர்ல விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்தாலே தெரியும்.

முள்ளு ஆடுதுன்னா உள்ளதான் கோளாறு. இப்ப கேக்க வேண்டிய பெரிய கேள்வி: ஒரு சிலிண்டர் மட்டுமா, எல்லா சிலிண்டருமா? நான் எவ்வளவு சொன்னாலும் போதாது, இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரியாம ஒரு சாமானும் வாங்காதீங்க. ஒரு சிலிண்டர் மட்டும்னா அந்த சிலிண்டருக்கு மட்டும் சொந்தமான விஷயத்துலதான் கோளாறு, அதாவது பொறி குடுக்குற அதோட பிளக், பிளக்குக்கு கரண்ட் கொண்டு வர்ற கேபிள், அதோட வால்வு. எல்லாமே கெட்டா எல்லாத்துக்கும் பொதுவான விஷயம், அதாவது காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்ப்ரேட்டர், கணக்குல இல்லாத காத்து உள்ள போற வேக்குவம் லீக், பொறி வர்ற நேரமான டைமிங், ஒவ்வொரு கேபிளுக்கா கரண்ட்ட சுத்தி விடுற ரோட்டர் இது மாதிரி.

எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்கிறதுக்கு வழக்கமா பண்றது, ஓடிட்டு இருக்கறப்ப ஒவ்வொரு பிளக் கேபிளா கழட்டிப் பாக்குறது. நல்ல சிலிண்டரோட கேபிள கழட்டினா நடுக்கம் இன்னும் ஜாஸ்தியாகும், ஆர்பிஎம் விழும். படுத்த சிலிண்டரோட கேபிள கழட்டினா ஒரு மாத்தமும் இருக்காது, அதுதான் ஆளு. ஆனா வெறுங்கைல இழுக்காதீங்க, அதுல வர்றது பத்தாயிரக்கணக்கான வோல்ட். இஞ்சின ஆஃப் பண்ணி கேபிள கழட்டி, அதோட முனைல ஒரு பழைய பிளக்க சொருகி, அந்த பிளக்கோட இரும்ப இஞ்சின் பாடில நல்லா தொடுற மாதிரி, பெட்ரோல் பைப்புக்கு தூரமா வச்சிட்டு, அப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. கேபிள அந்தரத்துல தொங்க விட்டா கரண்ட் போக வழி இல்லாம, அந்த வோல்ட்ட உண்டாக்குற காயில் அடி வாங்கும். புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கற காடின்னா ஒரு சிலிண்டருக்கு சில வினாடிக்கு மேல ஓட விடாதீங்க, எரியாத பெட்ரோல் அங்க போய் எரிஞ்சு அதக் கெடுத்துடும். துண்டு, சாரோங், தொங்குற செயின் எதுவும் போட்டுட்டு குனியாதீங்க, பெல்ட்டு பக்கத்துலயே சுத்துது, ரேடியேட்டர் ஃபேன் வேற தானா எப்ப வேணா சுத்த ஆரம்பிக்கும்.

ஆள் கிடைச்சாச்சுன்னா அந்த பிளக்க கழட்டி, அதோட முனையப் பாருங்க. லேசான பழுப்பு, சாம்பல் நிறம்னா நல்லா எரியுது. கறுப்பா காஞ்ச கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. வெள்ளையா வெளுத்திருந்தா காத்து ஜாஸ்தி, இல்ல ரொம்ப சூடு. பெட்ரோல் வாசனையோட ஈரமா இருந்தா பெரும்பாலும் அங்க ஸ்பார்க் வரல. பிசுபிசுன்னு இஞ்சின் ஆயிலா இருந்தா பிஸ்டன் ரிங்கு, இல்ல வால்வு சீல் வழியா ஆயில் இறங்குது, அப்ப புது பிளக் போட்டாலும் கொஞ்ச நாள்தான். செலவே இல்லாத ஒரு சோதனை: படுத்த சிலிண்டரோட பிளக்க பக்கத்து சிலிண்டருக்கு மாத்தி போடுங்க. மிஸ்ஸிங், அதாவது வெடிக்காம விடுறது, பிளக் கூடவே போச்சுன்னா பிளக்தான் குத்தவாளி, போகலன்னா கேபிளப் பாருங்க.

கேபிள் விஷயத்துல நம்ம ஊருக்குன்னு ஒரு எதிரி இருக்கு, எலி. செம்பனைப் பழம் இருக்கற இடத்துல எலி இல்லாம இருக்காது, அதுக்காகவே தோட்டத்துல ஆந்தைக்கு பெட்டி வச்சு வளக்கறாங்க. ராத்திரில சூடான இஞ்சின் மேல எலி வந்து படுத்துட்டு வயர், ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் கடிச்சு வைக்கும். போனட் திறந்ததும் எலிப் புழுக்கை, மென்னு போட்ட துண்டு, செம்பனைக் கொட்டை எதாவது கிடக்குதான்னு பாருங்க, கிடந்தா கேபிளயும் ஹோஸயும் விரல் விட்டு அடிப்பக்கம் வரைக்கும் தடவிப் பாருங்க, ஏன்னா எலி கடிச்சது மேல இருந்து பாத்தா தெரியாது. தடவுறது இஞ்சின் ஆஃப் ஆகி ஆறினதுக்கு அப்புறம்தான். கடி இல்லாம சும்மா வெடிச்ச கேபிளக் கண்டுபிடிக்க இருட்டுதான் உதவி. ராத்திரி வெளிச்சம் இல்லாத இடத்துல போனட்ட திறந்து, இஞ்சின் ஓட, தொடாம பாருங்க, கரண்ட் லீக் ஆகற இடத்துல நீலமா பொறி தாவும். சும்மா தெரியலன்னா செடிக்கு அடிக்கற ஸ்ப்ரேல தண்ணிய பனி மாதிரி லேசா கேபிள் மேல அடிச்சா உடனே தெரியும். மழை பெஞ்ச மறுநாள் மட்டும் நடுங்குதுன்னு சொல்றவங்களுக்கு பெரும்பாலும் இந்த கேபிள், இல்லன்னா கேபிளுக்கு எல்லாம் கரண்ட்ட பிரிச்சுக் குடுக்குற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடிதான் காரணம். மூடிய கழட்டி உள்ள பாருங்க, பென்சில்ல கோடு போட்ட மாதிரி மெல்லிசா கறுப்புக் கோடு இருந்தா அது விரிசல் வழியா கரண்ட் ஓடின பாதை, துடைச்சா போகாது, மாத்தத்தான் வேணும். செம்பு முனைல பச்சை, வெள்ளைத் தூள் மட்டும்னா சுரண்டி விட்டாலே போதும். கேபிள கழட்டுறப்ப எது எந்த சிலிண்டருக்குன்னு குறிச்சு வச்சிக்கோங்க, மாத்தி சொருகினா நடுக்கம் போய் வெடிச்சத்தமே வர ஆரம்பிச்சிடும்.

இனி எல்லா சிலிண்டரும் கெட்ட கதை. இங்கதான் ஜனங்க நிறைய காச விடுறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல வேக்குவம் லீக். த்ராட்டிலுக்கு கீழ, சிலிண்டருக்கு காத்து போற குழாயான மேனிஃபோல்டுல இஞ்சின் உறிஞ்சற உறிஞ்சல் ஸ்லோவ்லதான் ரொம்ப பலமா இருக்கும், நல்ல இஞ்சின்ல வேக்குவம் மீட்டர் மாட்டினா பாதரச அளவுல 17-லேர்ந்து 21 இஞ்ச் வரைக்கும் ஆடாம காட்டும். இந்த உறிஞ்சல வச்சுத்தான் பிரேக்க லேசா மிதிக்க உதவுற பிரேக் பூஸ்டர், பொறி வர்ற நேரத்த முன்னாடி தள்ளுற டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ், ஏர்கோன் போட்டா ஸ்லோவ ஏத்துற ஐட்லப் எல்லாம் வேலை செய்யுது, அதனால அங்க இருந்து சின்ன சின்ன ரப்பர் ஹோஸ் நிறைய கிளம்பி ஓடும். இருபது முப்பது வருஷம் நம்ம வெயில்லயும் இஞ்சின் சூட்டுலயும் இருந்தா ரப்பர் கல்லாயிடும், முனைல வெடிச்சு நிக்கும். ஒவ்வொரு ஹோஸா முனைல வளைச்சுப் பாருங்க, வெடிப்பு வாய் திறக்கும். இஞ்சின் ஓடுறப்ப உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்தா ஒரு நீட்டு ஹோஸ்ஸ காதுல வச்சு மறுமுனைய அங்கங்க கொண்டு போனா எங்க இருந்து வருதுன்னு தெளிவா கேக்கும். பிரேக் பூஸ்டருக்குப் போற தடிச்ச ஹோஸ கொஞ்ச நேரம் இடுக்கி போட்டு நசுக்கிப் பாருங்க, இஞ்சின் சட்டுனு சரியாச்சுன்னா லீக் பூஸ்டர் பக்கம் இருக்கு, அது வெறும் நடுக்கம் மட்டும் இல்ல, பிரேக்கே கெட்டியாகி காடி நிக்காம போற விஷயம், அத தள்ளிப் போடவே கூடாது. பாத்து முடிச்சதும் இடுக்கிய எடுக்க மறக்காதீங்க. கார்ப்ரேட்டர் கிளீனர அங்கங்க அடிச்சு ஆர்பிஎம் மாறுதான்னு பாக்குற வழக்கம் நிறைய பேருக்கு உண்டு, ஆனா அது தீப்புடிக்கிற சமாச்சாரம், கேபிள்ல பொறி பறக்குற பழைய காடில, சூடான புகைக்குழாய் பக்கத்துல, அத அடிக்கச் சொல்லி உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். சோப்புத்தண்ணி தெளிச்சுப் பாருங்க, லீக் இருக்கற இடத்துல தண்ணிய உறிஞ்சும், ஒரு நொடி சத்தம் மாறும்.

கார்ப்ரேட்டர் வச்ச சாகா, கஞ்சில்ல ரெண்டு இடத்த மறக்காம பாருங்க, ஒன்னு கார்ப்ரேட்டருக்கு அடில இருக்கற தடிச்ச இன்சுலேட்டர், கேஸ்கெட். அங்க நட்டு லூசாகியோ வெடிச்சோ காத்து உள்ள போகும். இன்னொன்னு இஞ்சினுக்குள்ள சேர்ற புகைய திரும்ப உறிஞ்ச விடுற பிசிவி வால்வு, கழட்டி குலுக்கினா கடகடன்னு கேக்கணும், கேக்கலன்னா அழுக்குல அடைச்சு நிக்குது, கழுவலாம், விலையும் கம்மிதான்.

லீக் ஒன்னும் இல்லையா, அப்ப கார்ப்ரேட்டருக்குள்ள போகலாம். கார்ப்ரேட்டர்ல ஓட்டத்துக்கு ஒரு பெட்ரோல் பாதை, ஸ்லோவுக்கு தனியா வேற ஒரு பாதை. அந்தப் பாதைல பெட்ரோல அளந்து விடுற ஸ்லோ ஜெட்டோட ஓட்டை ஊசி முனை அளவுதான் இருக்கும். பழைய டேங்குல துரு, அடில தண்ணி, செம்மண் தூசி எல்லாம் சேந்து அந்த ஓட்டைய அடைச்சிடும். அப்ப ஆக்ஸிலேட்டர மிதிச்சு வச்சிருக்கற வரைக்கும் நல்லா ஓடும், காலை எடுத்தா செத்துடும். இதுக்கு கார்ப்ரேட்டரயே மாத்தணும்னு யாராவது சொன்னா கொஞ்சம் பொறுங்க. கரண்ட்ல ஸ்லோ பாதைய அடைச்சுத் திறக்குற சோலனாய்டுங்கிற சின்ன வால்வு நிறைய காடில உண்டு, சாவிய ஆன் பண்ணினா அதுல டிக்னு ஒரு சத்தம் கேக்கணும், கேக்கலன்னா அதுக்கு வர்ற வயர்ல கரண்ட் வருதான்னு பாருங்க, வயர் கழண்டு கிடக்கறதே நிறைய. டிக்னு கேக்குது ஆனாலும் சாகுதுன்னா, ஸ்லோவுக்கு பெட்ரோல் கலவைய கூட்டிக் குறைக்கற மிக்சர் திருகாணிய உள்ளயும் வெளியயும் கொஞ்சம் திருப்பிப் பாருங்க, முன்னாடி எங்க இருந்ததுன்னு குறிச்சுட்டு திருப்புங்க. திருப்பினா இஞ்சின் சத்தம் மாறணும். எவ்வளவு திருப்பியும் மாறவே இல்லன்னா ஸ்லோ ஜெட் அடைச்சிருக்கு, கழட்டி கழுவி காத்தடிச்சா போதும், கம்பி விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும். சூடான பிறகும் கறுப்புப் புகை, பெட்ரோல் வாடைன்னா குளிர்ல ஸ்டார்ட் பண்ண காத்தக் குறைக்கற சோக் தகடு திறக்காம மாட்டிக்கிச்சு, ஏர் ஃபில்டர் மூடிய எடுத்து கண்ணால பாத்தாலே தெரியும். ஏர் ஃபில்டரும் அப்பவே பாத்துடுங்க, தோட்டத்து செம்மண் ரோட்டுல ஓடுற காடிக்கு புத்தகத்துல போட்டிருக்கற கணக்கு பத்தாது.

ஏர்கோன் போட்டா மட்டும் விழுதுன்னா அது தனி விஷயம். கம்ப்ரெஸ்ஸர் பாரத்த இஞ்சின் சுமக்கணும்னு ஐட்லப்னு ஒரு சின்ன டயாஃப்ரம் த்ராட்டில கொஞ்சம் தள்ளி விடும். ஏர்கோன் போடுறப்ப அது அசையுதான்னு பாருங்க, அசையலன்னா அதுக்கு வர்ற ஹோஸ், வால்வு, இல்ல டயாஃப்ரமே கிழிஞ்சிருக்கும்.

கார்ப்ரேட்டருக்கு பதிலா பெட்ரோல பீச்சுற இஞ்செக்ஷன் வச்ச வீரா மாதிரி காடில ஸ்லோ ஜெட் கிடையாது, அங்க த்ராட்டில் பாடில கரி படியறதும், ஸ்லோ காத்த கட்டுப்படுத்துற ஐஎஸ்சி மோட்டார் அழுக்குல இறுகுறதும்தான் முக்கியம். வேக்குவம் லீக் இருந்தா நடுக்கத்துக்கு பதிலா ஆர்பிஎம் ஏறி இறங்கிட்டே இருக்கும். காலைல குளிர்ல மட்டும் மோசம்னா தண்ணி சூட்டப் பாக்குற சென்சர் மேல சந்தேகப்படலாம்.

இவ்வளவும் பாத்தும் அந்த ஒரு சிலிண்டர் எழும்பலையா, பிளக், கேபிள் எல்லாம் நல்லா இருக்கா, அப்ப சிலிண்டர் காத்த எவ்வளவு அழுத்துதுன்னு பாக்குற கம்ப்ரெஷன் டெஸ்ட் கேளுங்க. மிஷின் மாட்டி அளக்குற சின்ன வேலைதான், இஞ்சின இறக்கணும்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி இந்த நம்பர உங்க கண்ணால பாக்கணும். தனி நம்பர விட வித்தியாசம்தான் முக்கியம், மத்த மூனும் கிட்டக்கிட்ட இருந்து ஒன்னு மட்டும் நல்லா கீழ இருந்தா அங்க கோளாறு. அதுல ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்க. நம்பர் ஏறினா ரிங்கு தேஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வு, இல்ல ஹெட் கேஸ்கெட். பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டரும் சேந்து விழுந்திருந்தா கேஸ்கெட் மேலதான் சந்தேகம். வால்வுன்னதும் பதறாதீங்க, வால்வ தள்ளுற டேப்பெட்டோட இடைவெளி இறுகிப்போய் வால்வு முழுசா மூடாம நிக்கறதும் உண்டு, அத அட்ஜஸ்ட் பண்ணினாலே வந்துடும். டேப்பெட் சத்தம் கேக்குறது கூட பரவால்ல, சத்தமே இல்லாம இறுகி நிக்கறதுதான் வால்வ எரிக்கும். டைமிங் பெல்ட் மாத்தின பிறகுதான் நடுங்க ஆரம்பிச்சுதுன்னா ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்கலாம், அப்ப எல்லா சிலிண்டரும் ஒன்னா கம்மியா காட்டும், மாட்டின இடத்துக்கே கொண்டு போய் மார்க்க பாக்கச் சொல்லுங்க.

கடைசியா ஒன்னு, இது எனக்கு ரொம்ப ஆதங்கமான விஷயம். நடுங்குதுன்னு கொண்டு போனா ஸ்லோ திருகாணிய திருப்பி 1100, 1200-க்கு ஏத்தி விட்டு அனுப்புற பழக்கம் இருக்கு. நடுக்கம் மறைஞ்சிடும், கோளாறு அப்படியே இருக்கும், பெட்ரோல் தினமும் கூடக் குடிக்கும், ஆட்டோ கியர்னா டி-ல போடுறப்ப டக்குன்னு அடிக்கும், பிரேக்க விட்டதும் பாஞ்சு போகும், சின்னப் பிள்ளைங்க ஓடியாடுற லயத்து வாசல்ல அது ஆபத்து. அந்த திருகாணிய தொடுறது எல்லா வேலையும் முடிஞ்ச பிறகு. இஞ்சின் நல்லா சூடாகி, ஏர்கோன், லைட் எல்லாம் ஆஃப்ல, ரேடியேட்டர் ஃபேன் சுத்தி நின்ன பிறகு, போனட்டுக்கு அடில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல என்ன நம்பர் போட்டிருக்கோ அதுக்கு வைங்க, ஸ்டிக்கர் அழிஞ்சு போயிருந்தா அந்த மாடலோட புத்தகத்துல இருக்கற நம்பருக்கு. அப்புறம் ஏர்கோன் போட்டு ஒரு தடவை, ஆட்டோன்னா டி-ல பிரேக் மிதிச்சு ஒரு தடவை பாத்துட்டு போனட்ட மூடுங்க.